சாப்பாட்டு நேரம் தொலைந்தவர்கள்

மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு சுகாதார கிளினிக்கில் உணவியல் அதிகாரியாக வேலை செய்கிறேன். விமானப்படைத் தளம் அருகிலேயே இருப்பதாலோ என்னவோ, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வருவதில்லை. சர்க்கரை ஏறிவிட்டது, ரத்தக் கொதிப்பு, காலில் மதமதப்பு என்றுதான் டாக்டர் அனுப்பி வைப்பார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்கும்போதுதான் மற்றதெல்லாம் வெளியே வரும். "பசியே இல்லம்மா." "ஒருத்தனுக்காக யாரு அடுப்பைப் பத்த வைக்கிறது?"

மனச்சோர்வைக் கண்டறிய நாங்கள் கொடுக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள் உண்டு. அதில் ஒன்று சாப்பாட்டைப் பற்றியது: பசி குறைந்திருக்கிறதா, இல்லை அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறீர்களா? மற்ற கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று மளமளவென்று கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கூட இந்த ஒரு கேள்வியில் கொஞ்சம் நிற்பார். கலங்கக்கூடாது என்றே பழக்கப்பட்டவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில் கூச்சமில்லை. அந்த வாசலை நான் விடுவதில்லை.

ஒரு அங்கிளைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 1989-இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு ஹட்யாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கிரிக் பக்கத்துக் காடுகளில் ரோந்து போனவர். இப்போது பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை, இரவு ஏழு முதல் காலை ஏழு வரை. மனைவி இல்லை, பிள்ளைகள் ஜொகூரில். காலையில் வேலை முடிந்ததும் மாமாக் கடையில் ரொட்டி சானாய், தே தாரேக். மாலை வரை தூக்கம். எழுந்ததும் மீ கோரேங் பொட்டலம். நடுராத்திரியில் பிஸ்கட்டும் இன்னொரு தே தாரேக்கும். காய்கறி என்று பார்த்தால் மீ கோரேங்கில் கிடக்கும் நாலு இலை சாவிக் கீரைதான்.

கேம்ப்பில் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அதுவரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "மெஸ்ஸுல நேரம் தப்பாதும்மா. காட்டுலகூட ஒருத்தன் டின்னைத் திறந்து சாப்பிடுவான், ஒருத்தன் காவல் இருப்பான். அப்புறம் மாத்திக்குவோம். இப்போ சாப்பிடறதும் நான்தான், காவலும் நான்தான்."

பட்டாளத்தை விட்டு வருகிறவர்களுக்குச் சீருடையோடு சேர்ந்து சாப்பாட்டு நேரமும் கூடச் சாப்பிட்ட ஆட்களும் போய்விடுகிறார்கள். ஆகவே இதைச் சாப்பிடு, அதை விடு என்று பட்டியல் போடுவதற்கு முன், எத்தனை மணிக்கு, யாரோடு என்று கேட்பது என் வழக்கம்.

அதற்காக, எல்லாம் துணை இல்லாததால் வருவதுதான், சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்றும் விட்டுவிட முடியாது. 2017-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ஸ்மைல்ஸ் என்ற ஆய்வை எங்கள் துறையில் அடிக்கடி பேசுவோம். மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 12 வாரங்களில் ஏழு முறை உணவு ஆலோசனை: காய்கறி, பழம், பருப்பு வகை, முழுத்தானியம், மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய். இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் பேச்சுத்துணை மட்டும். முடிவில் உணவுக் குழுவில் 32 விழுக்காட்டினர் மனச்சோர்வின் பிடியிலிருந்து மீண்டிருந்தார்கள். பேச்சுத்துணைக் குழுவில் 8 விழுக்காடுதான். சிறிய ஆய்வுதான். எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலோர் மருந்தோ சிகிச்சையோ எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் உணவு மருந்தின் இடத்தைப் பிடிக்காது, மருந்தோடு கூட நிற்கும் என்றுதான் நோயாளிகளிடம் சொல்கிறேன்.

அது படைவீரர்களை வைத்துச் செய்த ஆய்வும் அல்ல. அவர்கள் பக்கம் பார்த்தால், 2011-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பணியில் இருக்கும்போதே தற்கொலை செய்துகொண்ட 800 வீரர்களின் ரத்த மாதிரியை வேறு 800 வீரர்களின் மாதிரியோடு ஒப்பிட்டார்கள். மீனிலிருந்து கிடைக்கும் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு குறைவாக இருந்தவர்களிடம் ஆபத்து அதிகமாகத் தெரிந்தது. அதுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒரு செய்தி காதில் விழுந்ததும் விற்கிறவர்கள் மீன் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்துவிடுகிறார்கள். பென்ஷன் பணத்தில் மாதம் இருநூறு வெள்ளியை அதற்குக் கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. 18,000-க்கும் மேற்பட்டோருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஒமேகா-3 மாத்திரையோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாத்திரை மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை. அந்தக் காசுக்கு பாசாரில் (சந்தையில்) கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, வாங்குங்கள் என்கிறேன். விலை கட்டுப்படியாகும், ஒமேகா-3 உண்டு, குழம்பும் வைக்கலாம். ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது என்றும் கவலைப்பட வேண்டாம். பருப்பு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, தெம்பே எல்லாம் நம் பாசாரிலேயே இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டு இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் பலருக்கும் முதல் மாத்திரை மெட்ஃபார்மின். நல்ல மருந்து. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12 வைட்டமினை உறிஞ்சுவது குறையும். பி12 குறைந்தால் அசதி, மறதி, கால் மதமதப்பு, மனம் சுணங்கிப் போவது எல்லாம் வரலாம். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இதில் கறி மீன் தொடாதவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். யாரும் தானாக மெட்ஃபார்மினை நிறுத்திவிடக்கூடாது. ரத்தத்தில் பி12 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டால் போதும்.

அங்கிளுக்கும் பார்த்தோம், குறைவாகத்தான் இருந்தது. டாக்டர் ஊசி போட்டார், மனச்சோர்வுக்கு மருந்தும் தொடங்கினார். என் பங்குக்கு நான் மாமாக் கடையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளில் அவர் இன்னொரு மனிதரோடு உட்காரும் இடம் அது ஒன்றுதான். ரொட்டி சானாய்க்குப் பதில் தோசை, பருப்புக் குழம்பு, ஒரு முட்டை. தே தாரேக்குக்குப் பதில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். பெரிய சாப்பாடு வேலைக்குப் போகுமுன் ஆறு மணிக்கு, சோறு, மீன், கீரையோடு. பக்கத்து பிளாக்கில் இருக்கும் பழைய பட்டாளத்து நண்பரும் அந்த நேரத்துக்கு வர ஒப்புக்கொண்டார். இப்போது தூக்கம் பரவாயில்லை என்கிறார், படிவத்தில் மனச்சோர்வு மதிப்பெண்ணும் இறங்கியிருக்கிறது. ஊசியா, மருந்தா, மீனா, நண்பரா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

உயிரோடு இருந்து என்ன பயன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் சாப்பாட்டுப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும் அழைக்கலாம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் சமையல் வகுப்பு நடத்துகிறார்கள். சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இங்கேயும் அப்படி ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மாதம் ஒரு சனிக்கிழமை மண்டபத்தைத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் தேங்காய்ப்பால் இல்லாத கெம்போங் குழம்பு. புளி கரைப்பது தன் வேலை என்று அங்கிள் இப்போதே சொல்லிவிட்டார்.