பத்து வயதுச் சிறுமிக்குத் தெரியாதவை

என் நாவலின் முதல் வரைவை எழுதும்போது எனக்கிருந்த கவலை ஒன்றுதான்: எதுவும் விட்டுப்போகக் கூடாது. பர்மாத் தமிழர்களின் கதையை எழுத உட்காருகிற யாருக்கும் இந்தப் பதற்றம் இருக்கும். நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், என் வயதுக்காரர்களிலேயே தமிழில் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவர்கள் அதிகமில்லை. அதனால் கேட்டதையெல்லாம் உள்ளே வைத்தேன்.

1930களில் நெல் விலை வீழ்ந்தபோது கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்தது. 1941 டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு வீசியது. எல்லை ஊரான தமு வழியாக மணிப்பூருக்கும், அரக்கான் மலைகளைத் தாண்டியும் மக்கள் நடந்தே போனது. 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தது. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மக்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்குப் போனது. எல்லாம் வரைவில் இருந்தன. நாவலோ 1964-இல் ரங்கூனில் வாழும் பத்து வயது வள்ளியைப் பற்றியது.

இங்கே மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. கணினியை நம்பித் திருத்த முடியாது. பான்சோடான் தெருவில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து, கயிறு கட்டி வைத்துக்கொண்டு, பென்சிலால் திருத்துகிறேன். ஒருவகையில் இது நல்லதாகப் போயிற்று. காகிதத்தில் படிக்கும்போதுதான் ஒரு பத்தி எவ்வளவு நீளம், அதில் எவ்வளவு நேரம் யாருமே பேசாமல், நகராமல் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படுகிறது. ஓரத்தில் நான் அதிகம் எழுதிய கேள்வி: "இது வள்ளிக்கு எப்படித் தெரியும்?"

ஓர் இடத்தைக் காட்டுகிறேன். வரைவில் இருந்தது இது:

"1964 மே 17-ஆம் தேதி ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. மார்ச் மாதமே கடைகளை இழந்திருந்த இந்திய வணிகர்களுக்கு இது இரண்டாவது அடியாக விழுந்தது."

தேதி சரி, செய்தி சரி, வாக்கியமும் சரிதான். ஆனால் அந்தப் பத்திக்குள் ஆள் இல்லை. அறிவிப்பு வள்ளியின் வீட்டுக்குள் எந்த வழியாக நுழைந்திருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினேன். பழைய நாள்காட்டியைப் பார்த்தால் மே 17 ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளிடம் சொல்லியிருக்க முடியாது. அப்பாவின் கடையில் கேட்டிருப்பாள் என்றால் கடை இப்போது அப்பாவுடையது இல்லை, "மக்கள் கடை" என்று எண் போட்ட பலகை தொங்குகிறது. மிச்சம் இருப்பது வீடும் அம்மாவும்தான். அதிலிருந்து இது வந்தது:

"அம்மா முருகன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள். பின்பக்க அட்டையை நெம்பியதும் நோட்டுகள் தரையில் விழுந்தன. வள்ளி பொறுக்கி அடுக்கினாள். ஐம்பது தனியாக, நூறு தனியாக. அம்மா யாரிடம் காசு வாங்கினாலும் இரண்டு முறை எண்ணுவாள். அன்று எண்ணவில்லை."

செல்லாது என்ற செய்தி அடுத்த பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து வருகிறது. அதற்குள் வாசகருக்கு விஷயம் புரிந்துவிடும். இந்த ஐந்தாறு வரிகளுக்கு ஒரு வாரம் பிடித்தது. தகவலைத் தூக்கிப் போடுவது எளிது. அதை ஒருவர் கைக்குள் கொண்டுவந்து வைப்பதுதான் திருத்தத்தில் முக்கால்வாசி வேலை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

காலத்தைச் சரிபார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். மே பிற்பாதி என்றால் மழை வந்துகொண்டிருக்கும், தெருவில் புழுதி பறக்காது. இன்னொன்று, இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடத் தொடங்கியது 1970-இல். வள்ளி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும் காட்சியில் அவள் முதலில் வலது பக்கம் பார்க்க வேண்டும். இப்போது யாங்கோனில் வளரும் குழந்தை இடது பக்கம் பார்க்கும். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தத் தெருவில் அந்த ஆண்டில் நடந்த ஒருவர் இன்னும் இருக்கிறார், அவர் கவனிப்பார். அது போதும் எனக்கு.

அந்த ஒருவர் என் பெரியம்மா. நாவலின் பாதி அவர் சொன்னதுதான். அவருடைய தங்கை குடும்பத்தோடு கப்பல் ஏறிய நாள், துறைமுகத்தில் சோதனை போட்டு நகைகளைக் கழற்றி வாங்கியது, தங்கையின் காதில் வேப்பங்குச்சி செருகி அனுப்பியது. முதல் வரைவில் அது முழு அத்தியாயமாக இருந்தது. எழுதும்போது அழுதிருக்கிறேன். திருத்தும்போது மூன்று தடவைக்கு மேல் படித்தும், வள்ளி அந்தத் துறைமுகத்தில் நிற்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவளைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது எனக்காக நிறுத்தியதாக இருக்கும். எடுத்துவிடலாம் என்று முடிவு செய்த பிறகும் பெரியம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். ஒருவர் வாழ்க்கையில் பட்டதை அவரிடமே "இது வேண்டாம்" என்று சொல்வது போல இருந்தது.

கடைசியில் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தூக்கி எறியப் போகிறாயா?"

"இல்லை பெரியம்மா, இந்தக் கதையில் வைக்க இடமில்லை."

"அப்படியானால் தனியாக எழுது, கண்ணு. அவள் பட்டதை வேறொருத்தி கதைக்குள் போட்டு அடைக்காதே."

வெட்டிய பக்கங்களுக்கென்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கிவிட்ட தமிழர்களைப் பற்றிய பகுதியும் அதில்தான் இருக்கிறது. சென்னைக்குப் போய்ப் பிழைக்க முடியாமல் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்ப முயன்று, எல்லையைத் தாண்ட முடியாமல் அங்கேயே குடியேறியவர்கள் அவர்கள். அது ஒரு நாவலுக்கே போதுமான விஷயம். என் நாவலில் அது வெறும் நான்கு பக்க விவரிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்படி ஒவ்வொன்றாக வள்ளியின் கண் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு, முடிவே ஆட்டம் கண்டுவிட்டது. வரைவில் குடும்பம் கப்பல் ஏறுகிறது. லட்சக்கணக்கானவர்கள் போனார்கள், எனவே இவர்களும் போவார்கள் என்று எழுதியிருந்தேன். வரலாற்றுப் பத்திகளை எடுத்ததும் வள்ளியின் அப்பா தெளிவாகத் தெரிந்தார். தன் கடையாக இருந்த இடத்தின் எதிரே தினமும் காலையில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிற மனிதர். அந்த மனிதர் கப்பல் ஏறமாட்டார். போகாமல் இருந்தவர்களும் ஏராளம். என் குடும்பம் போகவில்லை. அதனால்தான் இதை யாங்கோனிலிருந்து எழுதுகிறேன்.

ஆகவே கடைசி மூன்று அத்தியாயங்களையும் புதிதாக எழுதப் போகிறேன். கப்பலைப் பற்றிக் கேட்டவுடன் சொல்ல ஆள் இருக்கிறார்கள். தங்கியவர்கள் அடுத்த ஆண்டை எப்படி ஓட்டினார்கள் என்று யாரும் தாமாகச் சொல்வதில்லை. 1964-க்குப் பிறகு இங்கேயே இருந்த குடும்பம் உங்களுடையது என்றால் எனக்கு எழுதுங்கள். கடை போன பிறகு உங்கள் தாத்தா என்ன வேலைக்குப் போனார், எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினார், பாட்டி என்ன விற்றார். சிறிய விஷயமாக இருந்தாலும் சரி, எனக்கு வேண்டும்.