நாங்கள் எடுத்த பாட்டை மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தோம்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டில் எங்கள் குழு எடுத்தது ஒரு மியூசிக் வீடியோ. 4 நிமிடம் 10 நொடி. எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. அதை ஆட்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு மதிப்பீடும் எழுத வேண்டும். 100 மதிப்பெண்ணில் 40 அதற்குத்தான். பெரும்பாலும் எல்லாரும் கடைசி வாரத்தில் ஒரு கூகுள் படிவம் அனுப்பி, வந்த பதில்களை வட்டப்படமாகப் போட்டு ஒட்டிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அப்புறம் என்ன நடந்தது என்பதை, அடுத்து இதைச் செய்யப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பாட்டு என் அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், கதை. அம்மாயி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒருத்தியாக, 1974இல், கையில் குடும்ப அட்டையோடு தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கோத்தகிரிக்கு வந்தார். இப்படி வந்தவர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். 1968இல் தொடங்கிய திட்டம் அது, 1976இல் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான். குழுவில் ஒருவன் பாட்டு எழுதி மெட்டும் போட்டான். இன்னொருவன் கேமரா. எடிட்டிங் நானும் என் தோழியும்.

படப்பிடிப்பைப் பற்றி நீட்டப் போவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியில் மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும். ஆட்டோ போகஸ் மூட்டத்தில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும், அதனால் முழுக்க மேனுவலில் எடுத்தோம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் சித்தி மகள் மூட்டத்துக்குள் மெதுவாக நடந்துகொண்டே பாட வேண்டும், ஆனால் உதடு பாட்டோடு ஒட்ட வேண்டும். அதற்கு ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அவளை அந்த வேகத்துக்குப் பாடவைத்து, நொடிக்கு 50 பிரேமில் எடுத்து, 25 பிரேமில் ஓட்ட வேண்டும். நடை மெதுவாகிவிடும், உதடு சரியாக உட்காரும். அவள் நாலு நாள் பயிற்சி எடுத்தாள்.

முதலில் படிவத்தைப் பற்றி. "வீடியோ உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் வைத்திருந்தோம். வந்ததில் முக்கால்வாசி ஐந்து, மீதி நாலு. யார் நம் முகத்துக்கு நேரே குறைவாகப் போடுவார்கள்? சாரிடம் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதைப் படிச்சதும் வீடியோவுல எந்த இடத்தை மாத்தணும்னு உனக்குத் தெரியுதாம்மா?" தெரியவில்லை. அந்தப் படிவத்தை அன்றோடு விட்டுவிட்டோம்.

அடுத்து யூடியூபில் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி ஏற்றி, கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடம் அதில் கிடைக்கும். எல்லா வீடியோவிலும் போல முதல் அரை நிமிடத்தில் கோடு சரிந்தது. ஆனால் 2:05இல் மேலே எழுந்திருந்தது. பெரும்பாலும் திரும்ப ஓட்டிப் பார்க்கிற இடத்தில்தான் கோடு இப்படி எழும். அந்த இடத்தில் எங்கள் ரயில் ஷாட் இருந்தது.

ஊட்டி மலை ரயில், லவ்டேல் தாண்டி ஒரு வளைவில். சாலையோரம் நின்று எடுத்தது. மூட்டம் விலகுகிற நேரம் பார்த்து நீலப் பெட்டிகள் வளைந்து வருகின்றன, ஜன்னல் ஜன்னலாகக் கைகள் வெளியே நீண்டு அசைகின்றன. சுற்றுலா வந்தவர்கள் எங்களைப் பார்த்து அசைத்த கை அது. ஊரை விட்டுப் பிரிகிற வரிகளுக்கு மேல் அதை வைத்தோம். வகுப்பில் போட்டபோது அந்த இடத்தில் விசில் பறந்தது. பாட்டு வரியைக் காட்சி அப்படியே காட்டலாம், அதைத் தாண்டி விரிக்கலாம், அதற்குச் சம்பந்தமில்லாமலும் போகலாம் என்று பாடத்தில் படித்திருந்தோம். ரயில் ஷாட் "விரிப்பது" என்று அறிக்கையில் எழுதியும் வைத்துவிட்டோம்.

வகுப்புத் திரையிடலில் இன்னொன்றும் செய்தோம். பார்க்கிறவர்களிடம் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு, திரைக்குப் பக்கத்தில் ஒரு போனை அவர்களைப் பார்த்து வைத்துப் பதிவு செய்தோம். பிறகு அந்தப் பதிவையும் பாட்டையும் ஒரே டைம்லைனில் அடுக்கி, பத்துப் பத்து நொடியாக யார் திரையைப் பார்க்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் போனை எடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தோம். இதற்கு ஒரு முழு நாள் போகும். போகட்டும், செய்யுங்கள். 3:10இல் உதடு நாலு பிரேம் பிந்துவதை யாரும் படிவத்தில் எழுதவில்லை, ஆனால் பதிவில் அந்த நொடியில் ஏழெட்டுப் பேர் புருவத்தைச் சுருக்குவது தெரிந்தது.

இரண்டாவது திரையிடல் எங்கள் லயத்துப் பால்வாடியில். ஞாயிறு மாலை, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டர். 19 பேர் வந்தார்கள், பாதிப்பேர் அம்மாயி வயது. இந்த முறை "பிடித்ததா" என்று கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். அதற்குப் பதில், "பாட்டுல என்ன நடந்துச்சு, கதையா சொல்லுங்க" என்று கேட்பது. அதையும் நான் கேட்கவில்லை. நான் வீட்டுப் பிள்ளை, எனக்காக நல்லதாகச் சொல்வார்கள். கேமரா பிடித்தவன் வெளியூர்க்காரன், அவன் கேட்டான். நான் வெளியே நின்றேன்.

கதையைவிடக் கைகள்தான் முதலில் பேசின. 0:40இல் என் சித்தி மகள் கொழுந்து பறிக்கிற காட்சி. ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளி, பின்னால் திரும்பி, கூடைக்குள் வைப்பாள். கூடைக் கயிறு தோளில். முன்வரிசையில் இருந்த பெரியம்மா ஒருவர் படத்தைப் பார்த்துக்கொண்டே மடியில் இரண்டு கையையும் அசைக்க ஆரம்பித்தார். வலது, இடது, வலது, இடது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும். உள்ளங்கை நிரம்பியது போல ஒரு கணம் மூடி, அப்படியே தோளுக்கு மேலே பின்பக்கம் வீசினார். திரும்பிப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவரும் அதையே செய்தார். பிறகு, "கூடைக் கயித்தத் தலையில போடணும் தம்பி, துணிய மடிச்சு வச்சு அதுக்கு மேல" என்றார். இப்போது இங்கே பல இடங்களில் கத்தரி வைத்துத்தான் வெட்டுகிறார்கள், எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வீச்சு கைக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பாட்டில் இருப்பது 1974க்கு முந்தைய இலங்கை மலையகம். அங்கே அது தெரியாமல் ஒருத்தி இருந்திருக்க முடியாது.

அப்புறம் 2:05 வந்தது. ரயில். வகுப்பில் விசில் பறந்த இடம். இங்கே சின்னப் பிள்ளைகள் "ஊட்டி ரயிலு!" என்று கத்தினார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதிவைப் பார்த்து நோட்டில் பிறகு நான் குறித்தது: 2:05 முதல் 2:19 வரை, பெரியவர்கள் 9 பேரில் 6 பேர் திரையைப் பார்க்கவில்லை.

கதை சொல்லச் சொன்னபோது அந்த இடத்தை எல்லாரும் தாண்டிப் போனார்கள். கடைசியில் அம்மாயிதான் சொன்னார். கோச்சி என்று அவர் சொல்வது ரயிலை, கப்பல் ஏற அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த ரயிலை. "அது நாங்க வந்த கோச்சி இல்லப்பா. அத அழுகைக் கோச்சின்னு சொல்லுவோம். அதுல யாரும் கை ஆட்டல. வெளிய நிக்கிறவங்க கைய ஜன்னல் வழியா புடிச்சவங்க விடவே இல்ல. கோச்சி நகர்ந்து, கூடவே ஓடி, முடியாதப்பதான் விட்டாங்க."

அன்று இரவு நாங்கள் நாலு பேரும் சண்டை போட்டோம். யூடியூப் கோடு ரயிலுக்கு ஆதரவு. வகுப்பு ஆதரவு. தொழில்நுட்பத்துக்கு மதிப்பெண் போடுகிறவருக்கும் அந்த ஷாட் பிடிக்கும். லயத்தில் ஒன்பது பெரியவர்கள். கேமரா பிடித்தவன் ஊடக ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலை எடுத்து வந்தான். 1973இல் அவர் சொன்னது: எடுப்பவர் ஒரு பொருளை வைத்து அனுப்புகிறார், பார்ப்பவர் அதை வேறு மாதிரியும் பிரித்துப் படிக்கலாம். அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதியைத் தன் நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம், எதிர்த்தும் படிக்கலாம். "லயத்துல நடந்தது எதிர்த்துப் படிக்கிறது. அதை அறிக்கையில எழுதிட்டா போதும், ஷாட்டை ஏன் வெட்டணும்?" என்றான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை. இந்தக் கதையை வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் வாங்கி நாங்கள் தப்பாக எழுதியிருக்கிறோம். அதைச் சுட்டிக்காட்டுவதை எதிர்ப்பு என்று எப்படிச் சொல்வது? யாருடைய வாழ்க்கையை எடுக்கிறோமோ அவர்களுடைய பதிலையும், வெளியே இருந்து பார்க்கிறவர்களுடைய பதிலையும் ஒரே தட்டில் வைத்துச் சராசரி எடுக்கக் கூடாது. அறிக்கையில் இதைத் தனிப் பகுதியாகவே எழுதினேன்.

ஹால் சொன்னது அழகாகப் பொருந்தியது மூன்றாவது திரையிடலில். கோத்தகிரிக்குப் பக்கத்தில் என் தோழியின் ஹட்டி. படுகர் ஊர். அவர்களுடைய ஹெத்தை ஹப்பா திருவிழா முடிந்து அடுத்த வாரம் போனோம், 11 பேர் பார்த்தார்கள். பாட்டின் முடிவில் அம்மாயி வெள்ளைச் சேலையில் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். லயத்தில் அந்த ஷாட்டைப் பார்த்ததும், தாத்தா போய்விட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்கள் வைத்ததும் அதற்காகத்தான். ஹட்டியில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. அங்கே வயதான பெண்கள் கட்டுவதே வெள்ளைதான், திருவிழாவுக்கும் வெள்ளைதான். "கடைசியில ஹெத்தெ வந்து நல்லா உட்கார்ந்துட்டாங்க, அதனால சந்தோஷமா முடியுது" என்றார் தோழியின் அத்தை. ஹெத்தெ என்றால் பாட்டி. அதே சேலை, அதே படி, அதே வெயில். இதை நாங்கள் மாற்றவில்லை. இரண்டு அர்த்தமும் அந்த முகத்துக்குப் பொருந்தியது.

ரயிலை வெட்டினோம். வெட்டிய 14 நொடிக்கு என்ன வைப்பது? பழைய ரயில் பெட்டிக்கு எங்கே போவது? லயத்து வீட்டு ஜன்னலில் குறுக்குக் கம்பி உண்டு, பெயின்ட் உதிர்ந்து துரு ஏறிய கம்பி. அதை மட்டும் நெருக்கமாக வைத்து, உள்ளேயிருந்து ஒரு கை, வெளியேயிருந்து ஒரு கை. என் கையும் சித்தி மகள் கையும். விரலோடு விரல் கோத்து, மெல்ல நழுவுவது போல எடுத்தோம். பறிக்கிற காட்சியையும் திரும்ப எடுத்தோம். இந்த முறை அந்தப் பெரியம்மாவே பக்கத்தில் நின்று கயிற்றைத் தலையில் போட்டுவிட்டார். வீச்சு வர சித்தி மகளுக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. கொழுந்து ஒடிகிற சத்தத்தைத் தனியாகப் பதிந்து, பாட்டின் தாளத்துக்கு அடியில் சேர்த்தோம். 3:10இல் பிந்திய நாலு பிரேமை முன்னால் இழுத்தோம்.

சமர்ப்பிக்க மூன்று நாள் இருக்கும்போது மறுபடியும் பால்வாடியில் போட்டோம். மழை, 12 பேர்தான். 0:40இல் முன்வரிசைக் கைகள் இந்த முறை அசையவில்லை, மடியிலேயே இருந்தன. 2:05இல் யாரும் பேசவில்லை. என் நோட்டில் அந்தக் கட்டத்தில் கோடு மட்டும்தான் இருக்கிறது.

முடிந்ததும் அந்தப் பெரியம்மா நேராக என்னிடம் வந்தார். "பாப்பா, விரல இல்ல. விரலப் புடிச்சா வழுக்கிரும்ல? இங்க புடிச்சோம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார். ஐம்பது வருடம் கொழுந்து பறித்த விரல், காய்ப்பு ஏறி நரம்புக்கு மேல் அழுத்தியது. அவர் விட்ட பிறகும் நாலு விரலின் அச்சு தோலில் வெள்ளையாகத் தெரிந்தது.

மறுநாள் மழை விட்ட நேரத்தில் அதே ஜன்னலுக்குக் கேமராவைத் திரும்ப எடுத்துப் போனோம். சமர்ப்பித்த பதிப்பில் 2:05இல் கம்பிக்கு வெளியே தெரிவது அவர் கை. உள்ளே இருப்பது அம்மாயியின் மணிக்கட்டு.