காலையில் போட்ட ஒரு கல்சியம் குளிசை

கொழும்புக்கு எலும்பு அடர்த்தி பார்க்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று. டெக்ஸா ஸ்கானுக்கு முந்தின 24 மணித்தியாலமும் கல்சியம் குளிசை போடக் கூடாது. எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கி, வெள்ளவத்தையில் மாமி வீட்டில் முகம் கழுவிக்கொண்டு போய் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அம்மா பெருமையாகச் சொன்னார்: "ஓம் பிள்ளை, இண்டைக்குக் காலமையும் போட்டனான். ஒரு நாளும் விடுறேல்லை."

கொப்பி மூடப்பட்டுத் திரும்பி வந்தது. கரையாத குளிசை குடலில் கிடந்தால் முதுகெலும்புப் படத்தில் அதுவும் எலும்போடு சேர்ந்து விழுமாம். நேரம் பதியும்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். துண்டில் இருக்கிறது என்றார். இருந்ததுதான், பின்பக்கத்தில், சிங்களத்தில். இரண்டு நாள் மாமி வீட்டில் கிடந்து மூன்றாம் நாள் எடுத்தோம். படுத்த படுக்கையில் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அம்மாவுக்கு 71 வயது. போன மாரிக்குக் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தது. "செல்லடிக்கு பங்கருக்குள்ள பாய்ஞ்சு விழேக்க முறியாத எலும்பு" என்று அவருக்கு வெட்கம். மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு கிழமையில் வெட்டினார்கள், அதோடு சரி. நின்ற நிலையில் விழுந்தே எலும்பு முறிகிறதென்றால் அடுத்தது இடுப்பாக இருக்கலாம் என்று அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டபோது கிடைத்த பதில், "வயசு போனால் தேயும்தானே". பெரியம்மா இடுப்பு முறிந்து படுத்தவர் பிறகு எழும்பவேயில்லை. அதனால் நான் விடவில்லை. அடுத்த கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர்தான் ஸ்கானுக்குத் துண்டு எழுதினார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும், ஒரு தரம் முறிந்தவருக்கு மறுபடி முறியும் வாய்ப்புக் கூட என்று பொறுமையாகச் சொன்னவரும் அவர்தான்.

எலும்பு அடர்த்தியை இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர், இடுப்பில் கழித்தல் 2.9 வந்தது. கழித்தல் 2.5ஐத் தொட்டாலே எலும்பு நலிவுதான்.

எலும்பு கரைவதைக் குறைக்கிற அலெண்ட்ரோனேட் குளிசை, 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்றாகத் தந்தார்கள். இதிலும் ஒரு கூத்து. உறையில் "கிழமைக்கு 1" என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மா அதைப் பால் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார். நெஞ்செரிவு. இரண்டு கிழமை வாயுக்கோளாறு என்று இஞ்சி அவித்துக் கொடுத்தேன். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு போட வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. பால் தேத்தண்ணியோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது, படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இதை நான் டொக்டரிடம் ஏச்சு வாங்கித்தான் அறிந்தேன்.

சாப்பாட்டில் பெரிய சண்டை இல்லை. ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கல்சியம் என்றதும் பயந்தேன், ஆனால் குரக்கன் மாவு 100 கிராமிலேயே 300க்கு மேல் இருக்கிறது. குரக்கன் புட்டு, தயிர், முருங்கையிலை வறை, முள்ளோடு பொரித்த நெத்தலி. மீனைப் பேரப்பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டுச் சொதியோடு எழும்புகிற பழக்கத்தைத்தான் மாற்ற முடியவில்லை. புரதம் இல்லாமல் கல்சியத்தை மட்டும் கொடுத்து என்ன செய்ய? இப்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

பயிற்சிதான் இழுபறி. "முற்றம் கூட்டுறன், மாட்டைப் பார்க்கிறன், இதுக்கு மேல என்ன?" என்று பிசியோதெரபி செய்கிற பிள்ளையிடமே கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுக் கதிரையைக் காட்டியது. கையை ஊன்றாமல் 30 செக்கனில் எத்தனை தரம் எழும்பித் திரும்ப இருக்க முடியும்? நாலு. இந்த வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் குறைந்தால் விழும் ஆபத்து இருக்கிறதாம். கூட்டுவதும் நடப்பதும் மட்டும் போதாது, தொடைக்குப் பலமும் சமநிலையும் வேண்டும் என்று வீட்டில் செய்யச் சொன்னவை: கதிரையில் எழும்பி இருப்பது, மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது. குனிந்து நிறைவாளி தூக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். வாளியைச் சின்னதாக்கினேன். முதல் மாதம் முழுக்க முழங்கால் நோ என்று முனகல். போன கிழமை எண்ணினோம், பதினொன்று. அயல் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

விழாமல் பார்ப்பதற்கும் கொஞ்சம் செலவழித்தேன். கண்ணில் வெண்புரை பார்க்க நம்பர் எடுத்திருக்கிறோம். இரவில் எழும்பும் வழிக்கு ஒரு லைட். கிணற்றடியில் பாசி சுரண்டி, பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் ஒன்று நட்டேன். அதில் இப்போது அம்மாவின் துவாய் காய்கிறது. பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறார்.