வாரத்துக்கு ஐந்து மணி நேரப் பள்ளி

மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லூக்கிமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான். பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள், ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கும் மேல் நீளும். சிகிச்சையைப் பற்றி எழுத விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அவள் படிப்பு என்ன ஆனது, எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் இருக்கும் இன்னொரு தமிழ்க் குடும்பத்துக்கு உதவலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு இங்கே ‘ஹோம் அண்ட் ஹாஸ்பிட்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று பெயர். வழக்கமான வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு நோயோ விபத்தோ வந்து, கொஞ்ச காலம் பள்ளிக்குப் போக முடியாது அல்லது போவது உசிதமில்லை என்றால், தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவர் தனியாகப் பாடம் நடத்த வேண்டும். கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இது சலுகை இல்லை, சட்டப்படி உரிமை. கடுமையான மனச்சோர்வு போன்றவற்றுக்கும் பொருந்தும். ஆனால் அதே சட்டத்தில், பிள்ளை மருத்துவமனையில் இருக்கும் செய்தியை டிஸ்ட்ரிக்ட்டுக்கு (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், அதாவது பள்ளி மாவட்டம்) தெரிவிப்பது முதன்மையாகப் பெற்றோரின் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது. யாரும் நம்மைத் தேடி வர மாட்டார்கள்.

எங்களுக்கு இதைச் சொன்னவர் மருத்துவமனையின் சோஷியல் வொர்க்கர். இன்ஷூரன்ஸ், வேலையில் விடுப்பு என்று ஒரு கட்டுப் படிவங்களோடு வந்தவர், போகிற போக்கில் பள்ளியைப் பற்றியும் கேட்டார். “இப்போ படிப்பா முக்கியம்?” என்றாள் என் மனைவி. படுக்கையில் இருந்த மகள், “அப்பா, எங்க டீச்சருக்கு யாராவது சொல்லிட்டீங்களா?” என்றாள். சரி, அவளுக்கு முக்கியம் என்று புரிந்தது.

முதல் குழப்பம், எந்த டிஸ்ட்ரிக்ட் என்பது. நாங்கள் குடியிருப்பது ஒரு டிஸ்ட்ரிக்ட், மருத்துவமனை இருப்பது வேறொன்று. கலிஃபோர்னியாவில் பிள்ளை மருத்துவமனையில் இருக்கும்வரை, அந்த மருத்துவமனை எந்தப் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்த மாவட்டம்தான் பாடம் நடத்த வேண்டும். பெரிய குழந்தைகள் மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்கென்று வகுப்பறையே உண்டு; ஸ்டான்ஃபோர்டில் லூசில் பேக்கார்ட் மருத்துவமனைக்குள் இருக்கும் பள்ளியை பாலோ ஆல்டோ டிஸ்ட்ரிக்ட் நடத்துகிறது. தகவல் கொடுத்ததிலிருந்து ஐந்து வேலை நாட்களுக்குள் தகுதி உண்டா என்று முடிவு செய்ய வேண்டும். உண்டு என்றால் அடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் பாடம் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளி அலுவலகத்துக்கு இதெல்லாம் புதிதாக இருந்தது. வேறு டிஸ்ட்ரிக்ட் பாடம் எடுப்பதால் மகளின் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, திரும்பி வரும்போது மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் இடத்துக்கு எப்போதும் நெருக்கடி. பெயரை நீக்கினால் அவளுடைய இடம் போய்விடுமோ என்று பயந்தோம். சோஷியல் வொர்க்கர்தான் சட்டப் பிரிவின் எண்ணைக் கொடுத்தார். 2019 ஜனவரியிலிருந்து நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளை மருத்துவமனையில் படித்தாலும் பழைய டிஸ்ட்ரிக்ட் பதிவை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதே கல்வியாண்டுக்குள் உடம்பு தேறிவிட்டால் பழைய பள்ளிக்கே திரும்ப அனுமதிக்க வேண்டும். அந்த எண்ணைப் போட்டு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். அப்புறம் பெயர் நீக்கம் பற்றிப் பேச்சே வரவில்லை. தொலைபேசியில் எத்தனை முறை பேசினாலும் அனுதாபம்தான் கிடைத்தது. மின்னஞ்சலுக்குத்தான் வேலை நடந்தது.

மருத்துவமனை ஆசிரியையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். முதல் மாதம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பிள்ளைக்கு ஓயாத பசி, காரணமே இல்லாத கோபம், அழுகை. அந்த அம்மா உள்ளே வந்ததும் முகத்தைப் பார்ப்பார். கோபம் என்றால் கணக்கு, சோர்வு என்றால் வாசிப்பு. கணக்கில் சரி, தப்பு என்று இரண்டே முடிவு இருப்பது கோபமாக இருக்கும் பிள்ளைக்கு நிம்மதி என்பது அவருடைய கட்சி. முதுகுத் தண்டில் ஊசி போடும் நாட்களில் வரவே மாட்டார். எங்கள் பள்ளி ஆசிரியையிடமிருந்து வாரப் பாடத் திட்டத்தை வாங்கி, வகுப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு ஓரளவு நெருக்கமாகவே கொண்டுபோனார்.

வீட்டுக்கு வந்ததும் பொறுப்பு எங்கள் டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாறியது. உண்மையான அலைச்சல் இங்கேதான். கீமோவால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை 500-க்குக் கீழே போய்விடும். அந்த நேரத்தில் சாதாரணக் காய்ச்சல்கூட அவசர சிகிச்சைப் பிரிவில்தான் முடியும். முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்புக்கு அனுப்ப முடியாது. ஆன்காலஜிஸ்ட் முதலில் தந்த கடிதம் ஒரே வரி: ‘சிகிச்சை காரணமாகப் பள்ளிக்கு வர இயலாது.’ அது திரும்பி வந்தது. அவர்களுக்கு வேண்டியது வேறு: என்ன நோய், அது ஏன் பள்ளிக்குப் போவதைத் தடுக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, உத்தேசமாக எந்தத் தேதிவரை. கடைசிக் கேள்விதான் சிக்கல். எந்தப் புற்றுநோய் மருத்துவரும் தேதி சொல்லத் தயங்குவார். அவருடைய நர்ஸ் பிராக்டிஷனர் ஒரு வழி செய்தார். செமஸ்டர் முடியும் நாளைப் போட்டு, ‘அப்போது மறுபரிசீலனை செய்யப்படும்’ என்று சேர்த்தார். எண்ணிக்கை தேறும் நாட்களில் பள்ளிக்கு வரலாம் என்றும் ஒரு வரி எழுதினார். அந்த வரியின் மதிப்பு பிறகு தெரிந்தது.

இதற்கிடையில் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலிருந்து ஒருவர், ‘இண்டிபெண்டன்ட் ஸ்டடி’யில் சேர்த்துவிடுங்கள், உடனே தொடங்கலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பாடக் கட்டு வீட்டுக்கு வரும், பெரும்பகுதியைப் பிள்ளையே செய்ய வேண்டும், கூட உட்கார்வது அம்மாவோ அப்பாவோதான். ஆசிரியர் தினமும் வந்து நடத்துவது அதில் இல்லை. அது பெற்றோர் விரும்பினால் மட்டுமே. கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வேண்டாம் என்று எழுதி அனுப்பினோம். ஆள் கிடைப்பது அவர்களுக்கும் கஷ்டம்தான். பள்ளி முடிந்த பிறகு வீடு வீடாகப் போய் நடத்த எத்தனை ஆசிரியர்கள் முன்வருவார்கள்?

ஒருவர் வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர். பாடத்தின்போது பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது எங்கள் டிஸ்ட்ரிக்ட்டின் நிபந்தனை. ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை அந்த வேலையை எடுத்துக்கொண்டு, ஆசிரியர் மாஸ்க் போட்டிருக்கிறாரா, கை கழுவினாரா என்பதை இமிகிரேஷன் அதிகாரி மாதிரி வாசலிலேயே சோதித்தார்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். கலிஃபோர்னியாக் கணக்கில் தனிப்பாடம் ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு முழு நாள் வருகை, வாரத்துக்கு அதிகபட்சம் ஐந்து நாள். டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாநில அரசு தரும் பணமும் அந்தக் கணக்கில்தான், அதனால் அதற்கு மேல் ஒரு நிமிடம் கேட்டாலும் பதில் புன்னகைதான். நியூயார்க்கில் 2023 ஜூலையிலிருந்து தொடக்க வகுப்புக்கு வாரம் குறைந்தது 10 மணி நேரம், மேல் வகுப்புக்கு 15. டெக்சாஸில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் நடந்தால் முழு வார வருகை. ஆனால் குறைந்தது நான்கு வாரம் வீட்டிலோ மருத்துவமனையிலோ இருக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஒரே நாட்டில் ஒரே நோய்க்கு இவ்வளவு வித்தியாசம் எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஐந்து மணி நேரத்தில் எல்லாப் பாடமும் நடக்காது. கணக்கும் எழுத்தும் மட்டும் ஆசிரியரிடம், அறிவியலும் சமூகவியலும் எங்களோடு வாசிப்பாக என்று பேசி முடிவு செய்தோம். எழுத்திலும் ஒரு தடங்கல் வந்தது. வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிக்கும். விரல் மரத்து, பென்சில் பிடிக்க வரவில்லை. ஆசிரியர் கட்டுரையை அவள் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். கணக்குக்குப் பெரிய கட்டம் போட்ட தாள்.

ஒரு வருஷம் போனால் போகட்டும், அடுத்த வருஷம் அதே வகுப்பில் உட்காரட்டும் என்று சொந்தத்தில் பலர் சொன்னார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் அவளுக்கு வகுப்பு என்றால் பாடப் புத்தகம் இல்லை, கூடப் படிக்கும் பிள்ளைகள். முடி கொட்டினதும் அவர்களையும் விட்டுக்கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எண்ணிக்கை தேறியபோது அரைநாள் பள்ளிக்குப் போகலாம் என்றார் மருத்துவர். வீட்டுப் பாடம், பள்ளி, இரண்டில் ஒன்றுதான் என்றது அலுவலகம். நர்ஸ் பிராக்டிஷனர் எழுதிய அந்த வரியைக் காட்டி, 504 திட்டம் கேட்டோம். 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்படி, உடல்நிலையால் பள்ளி வாழ்க்கை பாதிக்கப்படும் பிள்ளைக்கு வேண்டிய வசதிகளைப் பள்ளி செய்து கொடுக்க வேண்டும்; அவற்றை எழுத்தில் வகுப்பதுதான் 504 திட்டம். முடிகிற நாளில் பள்ளி, முடியாத நாளில் வீட்டில் ஆசிரியர் என்பது அதில் ஏறியது. தண்ணீர் பாட்டில், தொப்பி, நினைத்தபோது கழிப்பறை, உடற்பயிற்சியில் விலக்கு, தேர்வுக்குக் கூடுதல் நேரம் எல்லாம் சுலபமாக ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் விடாமல் நின்றது ஒரு வரிக்கு: வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சின்னம்மை தாக்கத்துக்கு உள்ளான பிறகு போடும் இம்யூனோகுளோபுலின் என்ற தடுப்பு ஊசியை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் பத்து நாட்களுக்குள் போட வேண்டும். வெள்ளிக்கிழமைச் செய்திமடலில் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை அது.

இப்போது மாத்திரைகள் மட்டும் தொடரும் கட்டம். ஆறாம் வகுப்பு, புது வளாகம், பாடத்துக்கு ஒரு ஆசிரியர். 504 திட்டம் கூடவே வந்தது, ஆனால் ஆசிரியர்கள் அதைப் படித்தார்கள் என்று நம்பிவிட முடியாது. முதல் வாரமே முக்கியமான வரிகளை ஒரு பக்கமாக்கி ஒவ்வொருவருக்கும் அனுப்பினோம். மருத்துவர் கடிதத்தை ஆகஸ்டிலேயே புதுப்பித்து வைத்திருக்கிறோம், திடீரென்று அட்மிட் ஆனால் தொடக்கத்திலிருந்து ஓட வேண்டியிருக்காது. தண்டுவடத்தில் போடும் மெத்தோட்ரெக்ஸேட் சில பிள்ளைகளுக்குக் கவனத்தையும் யோசிக்கும் வேகத்தையும் பிற்பாடு பாதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் கணக்கில் முன்பைவிட நேரம் எடுக்கிறாள். அதனால் சிறப்புக் கல்வி உதவி தேவையா என்று முறையான மதிப்பீடு வேண்டும் என எழுதிக் கேட்டிருக்கிறோம். எழுத்தில் கேட்டால் 15 நாட்களுக்குள் டிஸ்ட்ரிக்ட் ஒரு மதிப்பீட்டுத் திட்டத்தைத் தர வேண்டும், நாம் கையெழுத்திட்டபின் அதை முடித்துக் கூட்டம் நடத்த 60 நாட்கள். கடிதம் போன வாரம் போயிருக்கிறது.