புதன்கிழமை மாலை ஆராதனை

இங்கிலாந்தில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். அந்த இருட்டுக்குப் பழகாத என் முதல் குளிர்காலத்தில், வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று சமையலறை வானொலியைத் திருப்பியபோது, பிபிசி ரேடியோ 3 அலைவரிசையில் ஒரு பேராலயத்தின் மாலை ஆராதனை ஒலித்தது. அன்று புதன்கிழமை. அதன் பிறகு புதன்கிழமைகளில் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

1926 அக்டோபர் 7 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலிருந்து முதன்முதலாக ஒலிபரப்பான நிகழ்ச்சி இது. சிறு மாற்றங்களோடு இன்றும் தொடர்கிறது. பெரும்பாலும் நேரலைதான். எந்த ஊர், எந்த ஆலயம், யார் இயற்றிய இசை என்பவற்றைத் தொடக்கத்தில் அறிவிப்பாளர் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். பிறகு ஆராதனை முடியும்வரை விளக்கம் கிடையாது, கைதட்டலும் கிடையாது. கிறிஸ்தவனல்லாத எனக்கு இந்த மௌனம் பிடித்திருந்தது. வழிபாட்டை எனக்குப் புரியவைக்க வேண்டும் என்ற கவலை யாருக்கும் இல்லை. கதவோரமாக நின்று கேட்டுவிட்டுப் போகலாம்.

தமிழ் வேதாகமத்தில் 'சங்கீதம்' என்றே அழைக்கப்படும் துதிப்பாடல் பகுதி பாடப்படும் விதம்தான் முதலில் என்னை நிறுத்தியது. ஒரு வசனத்துக்கு உரிய மெட்டு பத்தே சுரங்கள். சொற்கள் எத்தனை இருந்தாலும் அவற்றை ஒரே சுரத்தில் நிறுத்திச் சொல்லிக்கொண்டே போய், ஒவ்வொரு பாதி வசனத்தின் முடிவில் மட்டும் மெட்டை இறக்கி முடிக்கிறார்கள். தாளம் இல்லை, பேச்சின் நடையே வேகத்தைத் தீர்மானிக்கிறது. தொடையில் தாளம் போட்டுப் பழகிய என் கை செய்வதறியாது நின்றபோது, இது நம் விருத்தம் அல்லவா என்று தோன்றியது. விருத்தம் பாடுபவர் ஒருவர். தன் மனம் போன இடத்தில் நின்று ராகத்தை விரிக்கலாம். இங்கோ சிறுவர்களும் பெரியவர்களுமாக ஒரு குழுவே, அடித்துச் சொல்ல ஒரு தாளம் இல்லாமல், ஒரே மூச்சில் ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு நகர வேண்டும். கச்சேரியில் இப்படி ஓர் ஒழுங்கை நான் கேட்டதில்லை.

சங்கீதத்துக்குப் பிறகு வேத வாசிப்புகளுக்கிடையே இயேசுவின் தாய் மரியாளின் பாட்டும், குழந்தை இயேசுவைக் கண்டுவிட்டேன், இனி நிம்மதியாகப் போகலாம் என்று முதியவர் சிமியோன் பாடும் பாட்டும் வரும். இவ்விரண்டுக்கும் மெட்டமைக்காத ஆங்கில ஆலய இசையமைப்பாளர் அரிது. ஹெர்பர்ட் ஹவல்ஸ் ஒரே சொற்களுக்கு மீண்டும் மீண்டும், பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் ஆலயத்தை மனத்தில் வைத்தே, இசையமைத்தார்: 1945 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு, 1946 இல் க்ளாஸ்டர் பேராலயத்துக்கு, 1951 இல் லண்டன் புனித பவுல் பேராலயத்துக்கு. பவுல் பேராலயத்தின் குவிமாடத்தில் எதிரொலி பல விநாடிகள் தங்குமாதலால், ஒரு சுரக்கூட்டு கரைவதற்குள் அடுத்ததைக் கொண்டுவந்து மோதவிடாமல், மெல்ல மெல்ல மாற்றியிருக்கிறார். கட்டடமும் ஒரு பக்கவாத்தியம் என்று எடுத்துக்கொண்டேன். வானொலியில் முகங்கள் தெரியாததால் அதன் வாசிப்பு இன்னும் துல்லியமாகக் கேட்கிறது.

அதே அலைவரிசையில் இரவு ஏழரை மணிக்குச் சிம்பொனிக் கச்சேரி. அது நல்ல அரங்கு, நல்ல வாசிப்பு. ஆனால் கடைசிச் சுரம் ஓய்வதற்குள் கைதட்டல் பாய்ந்து வருவதை, மாலையில் அந்த மௌனத்தைக் கேட்டவனால் உடனே மன்னிக்க முடிவதில்லை. அதன் பின் பதினைந்து நிமிட உரை. சில உரைகளில் காகித வாசனை அடிக்கும். தன் துறையைப் பற்றி ஒருவர் அவசரமின்றிப் பேசும் இரவுகளில் மட்டும், கழுவ வேண்டிய பாத்திரங்கள் அப்படியே கிடக்கும்.

ஞாயிறு பிற்பகலில் அதே ஆராதனையை மறுஒலிபரப்புச் செய்கிறார்கள். சென்ற வாரம் சாம்பாருக்குப் பருப்பு வேகும்வரை கேட்டேன். சிமியோன் பாட்டு தொடங்குமுன், புதனன்று இருமியவர் அதே இடத்தில் மறுபடியும் இருமினார்.