சார்லி பார்லியின் கறிக்கடை

"வாங்குறதுன்னா நாளைக்கே வாங்கிடும்மா. ஞாயித்துக்கிழமை இங்க ஒரு கடையும் திறக்காது" என்று நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா வெள்ளிக்கிழமை இரவே சொல்லிவிட்டார். பெரிய தீவாயிற்றே, ஒரு கடையாவது திறந்திருக்காதா என்று நினைத்தேன். நான் பார்த்தவரை திறக்கவில்லை. நான் போனது 2019 ஜூன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கியதே 2009 ஜூலையில்தான். அதற்கும் ஊரில் பெரிய எதிர்ப்பு இருந்திருக்கிறது. ஓய்வுநாளை அப்போது அவ்வளவு கண்டிப்பாகக் காத்த ஊர்.

ஊரின் பெயர் ஸ்டோர்னோவே. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கடலில், வெளி ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தின் லூயிஸ் தீவில் இருக்கிறது. இன்வர்னஸிலிருந்து உல்லாப்பூலுக்கு பஸ். அங்கிருந்து லாக் சீஃபோர்த் என்ற கப்பலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மின்ச் கடலைக் கடக்க வேண்டும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்தது. தீவுக்கூட்டத்தின் பெரிய ஊர் இதுதான் என்றாலும், மக்கள்தொகை ஏழாயிரத்தை ஒட்டித்தான். வருகிறவர்களில் பலர் ஐயாயிரம் ஆண்டுப் பழமையுள்ள காலனிஷ் கல்வட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் என் மனதில் நிற்பது ஒரு கறிக்கடை.

ரோப்வொர்க் பார்க் என்ற இடத்தில் இருக்கிறது. பலகையில் சார்ல்ஸ் மக்லவுட் என்று இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது "சார்லி பார்லி". லூயிஸில் மக்லவுட், மெக்டொனால்டு, மோரிசன் என்று ஒரே குடும்பப் பெயர் தெருவெல்லாம் இருப்பதால், ஆளை அடையாளம் சொல்லப் பட்டப்பெயர் இல்லாமல் முடியாது. எங்கள் திருமங்கலம் பக்கத்தில் ஒரே தெருவில் மூன்று முத்துசாமி இருந்தால் என்ன செய்வோமோ அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். 1947இல் சார்ல்ஸ் மக்லவுட் இந்தக் கடையைத் தொடங்கினார். அவர் பட்டப்பெயர் கடைக்கும் ஒட்டிக்கொண்டது.

உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்டுக்கறித் துண்டுகள், கொத்துக்கறி, சதுரமாக வெட்டிய சாஸேஜ், ஆட்டு உள்ளுறுப்புகளை அடைத்துச் செய்த ஹாகிஸ். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இந்தத் தீவுகளின் பழைய மொழியான கேலிக்கில் ஏதோ கேட்டார். பதிலும் கேலிக்கிலேயே வந்தது. கறி வாங்குகிற பேச்சில் ஒரு மொழி உயிரோடு புழங்குவதைப் பக்கத்தில் நின்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வரிசை நகர நகர ஒன்று கவனித்தேன். முக்கால்வாசிப் பேர் கடைசியில் கைகாட்டியது அந்தக் கறுப்பு உருளையைத்தான். மாரக் டூ. கறுப்பு புட்டிங் என்று பொருள். உலகத்துக்கு அது ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங்.

பெயரில் புட்டிங் என்றிருப்பதால் இனிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். இது ரத்தம். ஆடு, மாடு, பன்றி எதன் ரத்தமும் ஆகலாம். அதோடு ஓட்ஸ், மாட்டுக் கொழுப்பு, வெங்காயம், உப்பு, மிளகு. அவ்வளவுதான். ஓட்ஸ் என்றால் நாம் காலையில் கஞ்சி வைக்கிற தட்டை அவல் மாதிரி இல்லை. தானியத்தை ரவையாக உடைத்தது. கொழுப்பு, சிறுநீரகத்தைச் சுற்றி இறுகிப் படிந்திருக்கிறதே அது. எல்லாவற்றையும் பிசைந்து உறையில் அடைத்து வேகவைக்கிறார்கள். வெந்து இறுகியதை வீட்டுக்கு வாங்கிப்போய், வட்டமாக நறுக்கி, சட்டியில் இரண்டு பக்கமும் வாட்டினால் போதும்.

இது கடைக்காரர் யாரோ ஒருவர் கண்டுபிடித்த பண்டமல்ல. இந்தத் தீவில் கிராஃப்ட் என்று சொல்கிற சிறு குத்தகை நிலத்தில்தான் பெரும்பாலோர் பிழைத்தார்கள். நாலு ஆடு, ஒரு மாடு, கொஞ்சம் ஓட்ஸ், உருளைக்கிழங்கு. அந்த நிலத்திலிருந்தும் குடியானவரை நினைத்தபோது வெளியேற்றலாம் என்றிருந்த நிலையை 1886ஆம் ஆண்டுச் சட்டம்தான் மாற்றியது. அப்படிப்பட்ட வீட்டில் குளிர்காலத்துக்கு முன்னால் ஓர் ஆடு அறுத்தால் ஒரு சொட்டு வீணாகக்கூடாது. ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்து, ஓட்ஸும் வெங்காயமும் சேர்த்துக் குடலில் அடைத்தார்கள். வீட்டில் பெண்கள் செய்த வேலை அது.

என் ஆச்சி செய்ததும் இதுதானே. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தம் வாங்கி வந்து, உறைந்ததை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்குவாள். விருந்தாள் வந்தால் மட்டும் அதை அடுப்படியிலேயே மூடி வைத்துவிடுவாள். கூடத்துக்கு வராது. ஈரல் வரும், சுவரொட்டி வரும், ரத்தம் வராது. ஏழைகள் சாப்பிடுவது என்று ஒரு வெட்கம். ஸ்டோர்னோவேயில் வரிசையில் நின்றபோது அந்த மூடிவைத்த சட்டி எனக்கு ஞாபகம் வந்தது. இங்கே அதே ரத்தத்தைத்தான் கண்ணாடிக்குள் முன்வரிசையில், ஊர்ப் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊர்ப் பெயருக்காக இவர்கள் போராடவும் செய்தார்கள். மாரக்கின் பெயர் பரவியதும், தீவையே பார்க்காதவர்கள் எங்கெங்கோ செய்து "ஸ்டோர்னோவே பாணி" என்று விற்கத் தொடங்கினார்கள். ஊர்க் கறிக்கடைக்காரர்கள் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடு கேட்டார்கள். 2013இல் கிடைத்தது. மதுரை மல்லிக்கு நம் நாட்டுப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே ஆண்டில்தான் என்பதால் எனக்கு இது மறக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அந்தப் பெயர் சார்லி பார்லிக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்டோர்னோவேயிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் விதிப்படி செய்கிற எந்தக் கறிக்கடையும் அந்தப் பெயரில் விற்கலாம். எதிரெதிரே தொழில் செய்கிறவர்கள், ஊரின் பெயருக்கு ஆபத்து என்றதும் ஒரே மனுவில் நின்றிருக்கிறார்கள். இந்தத் தீவுக்கு அது புதிதுமல்ல. ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணியை வெளி ஹெப்ரிடீஸ்காரர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று 1993இல் நாடாளுமன்றச் சட்டமே வந்தது. நெசவைக் காத்ததுபோலவே ரத்தப் பண்டத்தையும் காத்திருக்கிறார்கள்.

ஊரில் சூப்பர் மார்க்கெட்டுகளும் உண்டு. கறி அங்கேயும் கிடைக்கும். பிரிட்டன் முழுக்க தனிக் கறிக்கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலத்திலும் இது நிற்கிறதென்றால், காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. விற்கிறதைத் தாங்களே செய்கிறார்கள். பக்குவத்தை மாற்றவில்லை. தீவைவிட்டுப் போன பிள்ளைகளுக்கும், ஒருமுறை சாப்பிட்டு ருசி கண்டவர்களுக்கும் தபாலில் அனுப்புகிறார்கள். கடலுக்கு அப்பால் இருப்பது வியாபாரத்துக்குக் கெடுதல் என்றுதான் யாரும் சொல்வார்கள். இவர்கள் விஷயத்தில் அந்தத் தூரமே பண்டத்துக்கு மதிப்பாகிவிட்டது. நகரத்து உணவகங்கள் இதை ஸ்காலப் என்ற கடல் சிப்பியோடு தட்டில் வைத்து, ஊர்ப் பெயரையும் மெனுவில் அச்சடிக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவில் தேவாலயம் போகிறவர்களைத் தவிர ஆளில்லை. வீட்டுக்கார அம்மா நான் வாங்கி வந்ததை விரல் தடிமனுக்கு நறுக்கிச் சட்டியில் போட்டார். எண்ணெய் ஊற்றவில்லை. அதிலிருந்தே கொழுப்பு கசிந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரப்பசையோடு மிருது. ஓட்ஸ் பல்லில் தட்டுப்பட்டது, பிறகு மிளகு. ரத்தத்தின் இரும்பு வாடை தேடினால்தான் கிடைத்தது. முட்டையும் தக்காளியும் பக்கத்தில் இருந்தன, அவற்றைத் தொட மறந்துவிட்டேன்.

மத்தியானம் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"வெங்காயம் போடுறாங்களா?"

"போடுறாங்கம்மா."

"மிளகு?"

"அதுவும் உண்டு."

"தேங்காய்ப்பூ?"

"இல்லம்மா. ஓட்ஸ்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம செஞ்சா உதிரியால்ல இருக்கும், அது எப்படிடீ வட்டமா நறுக்க வருது?" என்று கேட்டாள். ரத்தம் வேகும்போது இறுகி, ஓட்ஸும் ஊறி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது என்றேன். எவ்வளவு ரத்தத்துக்கு எவ்வளவு ஓட்ஸ் என்று அடுத்த கேள்வி வந்தது.

"நாளைக்குக் கடை திறந்ததும் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாள்.