வேகமாக ஓடிய சர்வர்மேல்தான் சந்தேகம்

இரண்டு சர்வர்கள், இரண்டும் ஒரே மாடல். 8 கோர், ஒரே அளவு ரேம், 7200 ஆர்பிஎம் சாட்டா டிஸ்க், ஒரே லினக்ஸ், ஒரே மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) பதிப்பு. ஏற்ற வேண்டிய டம்ப் ஃபைலும் (டேட்டாபேஸை அப்படியே எழுதி எடுத்த நகல்) ஒன்றுதான், சுமார் 10 லட்சம் வரிகள். ஒரு சர்வரில் சில நிமிடங்களில் இம்போர்ட் முடிந்துவிடுகிறது. இன்னொன்றில் காலையில் தொடங்கினால் மதியம் தாண்டியும் இழுக்கிறது. "இந்த மெஷின் ஏன் ஸ்லோ?" என்பதுதான் எனக்கு வந்த டிக்கெட்.

முதலில் வழக்கமான வேலைகள். டம்பை இரண்டு பக்கமும் லோக்கல் டிஸ்கில் வைத்தாயிற்று, ஆகவே நெட்வொர்க் கணக்கில் இல்லை. மைஎஸ்க்யூஎல் செட்டிங்குகளைக் காட்டும் 'ஷோ குளோபல் வேரியபிள்ஸ்' கமாண்டின் பதிலை இரண்டிலும் எடுத்து டிஃப் போட்டு ஒப்பிட்டேன். ஹோஸ்ட்நேம், சர்வர் ஐடி தவிர வேறுபாடே இல்லை. கர்னல் செட்டிங்குகளும் அச்சாக ஒன்றே.

மெஷினின் சுமையைக் காட்டும் விஎம்ஸ்டாட்டை மெதுவான மெஷினில் ஓட்டினால், ஐஓ காத்திருப்பு (டிஸ்குக்காக சிபியு காத்திருக்கும் நேரம்) 12 சதவீதம்தான் காட்டியது. இதைப் பார்த்து "டிஸ்க் சும்மாதான் இருக்கு" என்று பலர் நகர்ந்துவிடுவார்கள். இம்போர்ட் என்பது ஒற்றைக் கனெக்‌ஷன். 8 கோர் மெஷினில் ஒரே ஒரு த்ரெட் முழு நேரமும் டிஸ்குக்காகக் காத்துக் கிடந்தால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம்தான் தெரியும். சின்ன எண் இல்லை அது, முழு எண்.

டேட்டாவை நகலெடுக்கும் டிடி கமாண்டில் பெரிய ஃபைல் எழுதிப் பார்த்ததில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். இந்த டெஸ்டை நான் பெரிதாக நம்புவதில்லை. எழுதுவது முதலில் மெமரியில்தான் போய் விழும். அப்படியே டிஸ்குக்குப் போனாலும், நீளமாகத் தொடர்ந்து எழுதுவதும் துளித்துளியாக எழுதி ஒவ்வொரு துளிக்கும் "வந்து சேர்ந்ததா?" என்று கேட்பதும் ஒன்றல்ல. டேட்டாபேஸ் செய்வது இரண்டாவது வேலை. அதே டிடியில், ஒவ்வொரு துளியும் டிஸ்கில் சேர்ந்த பிறகே அடுத்ததுக்குப் போகச் சொல்லும் டிசிங்க் ஃபிளாகைச் சேர்த்து, 512 பைட்டாக 1000 முறை எழுதவிட்டேன். மெதுவான மெஷின் 20 நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. மற்றது ஒரு நொடிகூட எடுக்கவில்லை.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. 7200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். எழுதச் சொல்லி ஒன்றன்பின் ஒன்றாக வரும் சின்னத் துளிகளைச் சுழலும் தட்டில் உண்மையாகவே பதித்துவிட்டுப் பதில் சொல்லும் டிஸ்க், நொடிக்கு 120ஐத் தாண்டவே முடியாது. ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் வேலையும் சேர்ந்தால் அதிலும் பாதிதான் தேறும். அப்படியானால் நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் முடித்துக் காட்டும் மெஷின் என்ன செய்கிறது?

ஒரு ப்ராசஸ் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் வைத்து மைஎஸ்க்யூஎல் ப்ராசஸைப் பார்த்தேன். (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொடக்‌ஷனில் இதைச் செய்யாதீர்கள், ப்ராசஸே தவழ ஆரம்பித்துவிடும்.) மெதுவானதில் ஒவ்வொரு எஃப்சிங்குக்கும் ("எழுதியதை டிஸ்கில் சேர்த்துவிட்டுச் சொல்" என்ற அழைப்பு) 10 முதல் 20 மில்லிசெகண்ட். வேகமானதில் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே. இந்த வேகத்தை நியாயமாகக் கொடுக்கக்கூடிய ரெய்ட் கார்டு (டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் கார்டு), பேட்டரியோடு கூடிய கேஷ் எதுவும் இரண்டிலும் கிடையாது. அப்புறம் எந்தப் பார்ட்டிஷன் எந்த செட்டிங்கோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் ப்ராக் மவுண்ட்ஸைத் திறந்தால், வேகமான சர்வரின் டேட்டா பார்ட்டிஷனில் 'நோபேரியர்' என்று உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4, அது இயல்பாக பேரியரோடுதான் வரும். யாரோ மவுண்ட் செட்டிங் ஃபைலான எஃப்எஸ்டேபில் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

பேரியர் இல்லையென்றால், எஃப்சிங்க் வரும்போது "உன் கேஷில் இருப்பதைத் தட்டில் இறக்கு" என்று கர்னல் டிஸ்குக்குச் சொல்வதில்லை. டிஸ்க் தன் சின்ன கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு "முடிந்தது" என்கிறது. பார்சலை வேனில் வைத்துக்கொண்டே டெலிவரி ஆனதாக மெசேஜ் அனுப்புகிற கதை. கரண்ட் போனால் கமிட் (நிரந்தரமாகச் சேமிப்பு) ஆனதாகச் சொன்னவை காணாமல் போகலாம். அதைவிட மோசம், எழுதியவை வரிசை மாறி விழுந்து, மைஎஸ்க்யூஎல் டேட்டாவை வைத்திருக்கும் இன்னோடிபி ஃபைலே கெட்டுப்போகலாம்.

ஆக, டிக்கெட்டில் குறிப்பிட்ட மெஷினில் கோளாறே இல்லை. "அப்ப இதையும் அந்த மாதிரியே ஆக்கிடுங்க சார்" என்று உடனே பதில் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இம்போர்ட் மெதுவாக இருந்ததற்கு நிஜக் காரணம் டம்ப் ஃபைல். ஒவ்வொரு வரிக்கும் தனி இன்சர்ட் (வரியைச் சேர்க்கும் கட்டளை), கட்டளைக்குக் கட்டளை தானாகவே கமிட் செய்யும் ஆட்டோகமிட் வேறு ஆன். வரி ஒவ்வொன்றும் ஒரு கமிட், கமிட்டுக்கு ஒரு எஃப்சிங்க். 10 லட்சத்தை 15 மில்லிசெகண்டால் பெருக்கினால் நாலு மணி நேரம் வந்துவிடுகிறது. டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் சும்மா விட்டாலே பல வரிகளை ஒரே இன்சர்ட்டில் அடுக்கும். டிஃப் பார்க்க வசதி என்று யாரோ அதை ஆஃப் செய்திருந்தார்கள். டம்பைத் திரும்ப எடுத்து, தலையில் ஆட்டோகமிட்டை அணைத்து, 10,000 வரிக்கு ஒரு கமிட் வைத்தேன். சில நிமிடங்களில் முடிந்தது. இன்னோடிபியின் ஃப்ளஷ் செட்டிங்கை 1லிருந்து (கமிட்டுக்குக் கமிட் டிஸ்கில் இறக்குவது) 2 (சுமார் நொடிக்கு ஒருமுறை இறக்குவது) ஆக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. இம்போர்ட் நேரத்துக்கு மட்டும் என்றால் சரி, ஆனால் திருப்பி வைக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பதால் தொடவில்லை.

வேகமான சர்வரில் பேரியரை ஆன் செய்து ரீமவுண்ட் செய்தோம். பழைய டம்பை அதில் ஓட்டினால் அதுவும் இப்போது மணிக்கணக்கில் இழுக்கிறது. புதிய டம்பில் இரண்டுக்கும் நடுவே சின்ன வித்தியாசம் மிச்சம் இருக்கிறது. ஒன்றில் டேட்டா பார்ட்டிஷன் டிஸ்கின் தொடக்கத்தில், அதாவது வெளிவட்டத்தில்; மற்றதில் கடைசியில், அதாவது உள்வட்டத்தில். வெளிவட்டத்தை விட உள்வட்டத்தில் தட்டு மெதுவாகத்தான் படிக்கும், எழுதும். அதற்காகப் பார்ட்டிஷனைக் கலைக்கப் போவதில்லை, டிக்கெட்டை மூடிவிட்டேன்.